துருப்பிடித்து இறுகிய மரையாணிகளைக் கழற்றுதல்

துருப்பிடித்து இறுகிய மரையாணிகளைக் கழற்றுதல் என்பது, அரிமானத்தால் ஒன்றையொன்று பற்றிக்கொண்ட மரையாணியையும் (போல்ட்டு) நட்டையும் இயன்றவரை சேதமின்றிப் பிரித்தெடுக்கும் பராமரிப்புப் பணியாகும். ஊடுருவு எண்ணெய், அதிர்வு, வெப்பம், வெட்டுதல் ஆகியன இதற்குக் கையாளப்படும் வழிகளாகும். பொதுவான பட்டறைகளில் எண்ணெய் பலனளிக்காதபோது சுத்தியலும் தீச்சுடரும் அடுத்த படிகளாக அமைகின்றன.

தமிழ்நாட்டின் விருதுநகர் மாவட்டத்தில் சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டை ஆகிய பகுதிகளில் பரவியுள்ள பட்டாசுத் தொழிலகங்களில் இவ்விரு படிகளும் உயிரிழப்புக்கு வழிவகுக்கக் கூடியவை. எனவே அங்கு எண்ணெயும் காத்திருத்தலுமே முதன்மையான வழியாகின்றன. எனினும் அவ்வெண்ணெயும் வேதிப்பொருட்களுடன் கலந்தால் ஆபத்தானதே. ஆகவே இப்பகுதியில் மரையாணியைக் கழற்றும் பணி, அது இருக்கும் இடத்தைத் தூய்மை செய்வதிலிருந்தே தொடங்குகின்றது.

மரையாணி இறுகுவதற்கான காரணங்கள்

இரும்பு, நீர், ஆக்சிசன் ஆகிய மூன்றும் சேரும்போது நீரேற்றம் பெற்ற இரும்பு ஆக்சைடு உருவாகின்றது. இதுவே துரு எனப்படுகின்றது. துரு, தான் உருவாவதற்குப் பயன்பட்ட இரும்பைக் காட்டிலும் ஏறத்தாழ 2 முதல் 6 மடங்கு வரை அதிகமான கன அளவை அடைக்கின்றது. மரையாணியின் புரிக்கும் நட்டின் புரிக்கும் இடையே உள்ள இடைவெளி ஒரு மில்லிமீட்டரில் சிறு பகுதியே ஆகும். அதற்குள் வளரும் துரு வெளியேற வழியின்றி இரு புரிகளையும் ஆப்பு வைத்தாற்போல இறுக்கிவிடுகின்றது.

துருவைத் தவிர வேறு காரணங்களாலும் மரையாணிகள் இறுகுவதுண்டு. அவை ஒவ்வொன்றிற்கும் தீர்வு வேறுபடும்.

இருவேறு உலோகங்களின் தொடர்பு: அலுமினியப் பகுதியில் எஃகு மரையாணி பொருத்தப்பட்டு ஈரம் சேரும்போது, மின்வேதி அரிமானம் ஏற்பட்டு வெண்ணிற அலுமினியச் சேர்மங்கள் புரியை அடைக்கின்றன.

உராய்வுப் பற்று: துருவேறா எஃகாலான மரையாணியை உயவின்றி வேகமாக முறுக்கினால் புரிகளின் மேற்பரப்புகள் ஒன்றோடொன்று குளிர்நிலையில் பற்றவைக்கப்பட்டுவிடும். இங்கு துரு இல்லை, இடைவெளியும் இல்லை. எனவே எண்ணெயால் பெரும்பாலும் பயனில்லை.

புரிப்பசை: நட்டு தளராதிருக்க இடப்படும் பசையை எண்ணெய் கரைப்பதில்லை. வலிமை மிகுந்த வகைகளைத் தளர்த்த ஏறத்தாழ 250° செ வரை சூடேற்ற வேண்டியிருக்கும்.

அரிமானத்தின் வேகம் இடத்திற்கு இடம் மாறுபடுகின்றது. கடற்காற்றில் உள்ள குளோரைடு உப்புகள் அதனை விரைவுபடுத்துகின்றன. காரைக்குடியில் 1948 இல் அடிக்கல் நாட்டப்பட்டு 1953 இல் திறக்கப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆய்வகம், அரிமானத்தைத் தன் முதன்மை ஆய்வுத் துறைகளுள் ஒன்றாகக் கொண்டுள்ளது. கடற்சூழலில் உலோகங்களைச் சோதிப்பதற்கு மண்டபத்தில் அதற்கு ஒரு நிலையம் உண்டு. கடற்கரையிலிருந்து உள்ளே தள்ளி அமைந்துள்ள சிவகாசி வறண்ட பகுதியாகும். ஆயினும் வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் காற்றில் ஈரம் மிகும். தீபாவளிக்குப் பின் பல பட்டாசுத் தொழிலகங்கள் சில வாரங்கள் மூடப்படுவது வழக்கம். இக்காலம் பருவமழையோடு ஒன்றி வருவதால், ஓடாமல் நிற்கும் இயந்திரங்களிலும் கதவுகளிலும் துரு ஏறுகின்றது.

ஊடுருவு எண்ணெய் செயற்படும் விதம்

ஊடுருவு எண்ணெய் என்பது பாகுத்தன்மை குறைந்த, உலோகத்தை எளிதில் நனைக்கக்கூடிய நீர்மமாகும். பொதுவாக இதில் மெல்லிய கனிம எண்ணெய், அதனை மேலும் இளக்கும் கரைப்பான், அரிமானத் தடுப்பி ஆகியன அடங்கியிருக்கும். எண்ணெய் துருவைக் கரைப்பதாகப் பலர் கருதுகின்றனர். பெரும்பாலான ஊடுருவு எண்ணெய்கள் அவ்வாறு செய்வதில்லை. அவை துருவில் உள்ள நுண்ணிய பிளவுகளுக்குள் புகுந்து, உராய்வைக் குறைத்து, உதிரும் துருத் துகள்கள் புரியில் சிக்காமல் நகர உதவுகின்றன.

எண்ணெய் உட்புகுவதற்குக் காரணம் நுண்புழைமை ஆகும். விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவதும் இதே விளைவினாலேயே. புவியீர்ப்புக்கு எதிராகவும் இது நிகழுமாதலால், கீழ்நோக்கியுள்ள நட்டிற்குள்ளும் எண்ணெய் மேலேறக்கூடும். மிகக் குறுகிய இடைவெளியில் நீர்மம் புகும் வேகத்தை வாஷ்பர்ன் சமன்பாடு விளக்குகின்றது. அதன்படி:

பரப்பு இழுவிசை மிகுந்தும் பாகுத்தன்மை குறைந்தும் இருக்கும் நீர்மம் விரைவாகப் புகும்.

புகும் தொலைவு, காலத்தின் இருபடி மூலத்திற்கு நேர்விகிதத்தில் அமையும்.

இரண்டாவது விதியே பணியாளருக்கு மிகவும் பயன்படுவதாகும். ஒரு மணி நேரத்தில் எண்ணெய் 5 மி.மீ. ஆழம் சென்றால், 10 மி.மீ. செல்ல இரண்டு மணி நேரம் போதாது. நான்கு மணி நேரம் வேண்டும். 15 மி.மீ. செல்ல ஒன்பது மணி நேரம் வேண்டும். எண்ணெய் இட்டு இரவு முழுவதும் விட்டுவைக்கும் பட்டறை வழக்கத்திற்கு இதுவே அடிப்படை. உண்மையான மரையாணியில் துருவின் அடர்த்தி சீராக இராததால் கணக்கிட்ட அளவு அப்படியே பொருந்தாது எனினும், பொறுமையின் மதிப்பை இது எடுத்துக்காட்டுகின்றது.

பயன்படும் எண்ணெய்கள்

மண்ணெண்ணெய், டீசல்: இவை தமிழ்நாட்டுப் பட்டறைகளில் நெடுங்காலமாகப் பயன்படுபவை. பாகுத்தன்மை குறைவாதலால் நன்கு ஊடுருவும். ஆனால் விரைவில் வடிந்துவிடுவதால் உயவு குறைவு. மண்ணெண்ணெயுடன் சிறிது எந்திர எண்ணெய் சேர்ப்பது இக்குறையைப் போக்குவதற்காகவே.

எந்திர எண்ணெய்: நல்ல உயவி, ஆயினும் மண்ணெண்ணெயைவிட ஐம்பது மடங்குக்கும் அதிகமான பாகுத்தன்மை கொண்டது. எனவே தனியாகப் பயன்படுத்தினால் மிக மெதுவாகவே புகும்.

தாவர எண்ணெய்கள்: விருதுநகர் சமையல் எண்ணெய் வணிகத்திற்குப் பெயர் பெற்ற நகரமாகும். எனினும் நல்லெண்ணெய், கடலை எண்ணெய் போன்றவை இப்பணிக்கு ஏற்றவையல்ல. இவை மெல்லிய கனிம எண்ணெயைவிடத் தடித்தவை. அத்துடன் காற்றுப்பட்டு நாளடைவில் பிசினாகி, மரையாணியை மேலும் ஒட்டவைக்கும். ஆமணக்கு எண்ணெய் இவற்றைக் காட்டிலும் பன்மடங்கு தடித்தது.

டபிள்யூடி-40: 1953 இல் அமெரிக்காவின் சான் டியேகோவில் ராக்கெட் கெமிக்கல் கம்பெனி என்னும் நிறுவனம் உருவாக்கியது. நீரை வெளியேற்றும் கலவைக்கான நாற்பதாவது முயற்சி என்பதையே இப்பெயர் குறிக்கின்றது. அட்லசு ஏவுகணையின் மேற்புறத்தைத் துருவிலிருந்து காப்பதற்கே இது முதலில் பயன்பட்டது. இறுகிய மரையாணிகளுக்கெனவே தயாரிக்கப்படும் எண்ணெய்களோடு ஒப்பிடுகையில் இது பொதுப் பயனுக்கானது.

அசிட்டோன் கலவை: தானியங்கிப் பல்லிணைப்பெட்டி எண்ணெயையும் அசிட்டோனையும் சமபங்கில் கலப்பது, 2007 இல் ஓர் அமெரிக்க எந்திரவியல் இதழில் வெளியான ஒப்பீட்டிற்குப் பின் புகழ்பெற்றது. பின்னர் பலர் செய்த சோதனைகளில் ஒரே மாதிரியான முடிவு கிடைக்கவில்லை. இவ்விரண்டும் நிலையாகக் கலப்பதில்லை. பயன்படுத்தும் போதெல்லாம் குலுக்க வேண்டும். அசிட்டோன் −20° செ அளவிலேயே தீப்பற்றும் ஆவியை வெளிவிடுவதால், இக்கலவை பட்டாசு, தீப்பெட்டித் தொழிலகங்களுக்கு முற்றிலும் பொருந்தாது.

அமிலங்கள்: துருவை உண்மையில் கரைப்பவை அல்லது மாற்றுபவை அமிலங்களே. பாசுபாரிக் அமிலம் துருநீக்கிகளில் பயன்படுகின்றது. பித்தளைப் பாத்திரம் துலக்கும் புளியில் உள்ள டார்டாரிக் அமிலமும் இரும்பு ஆக்சைடுகளைப் பிணைத்துக் கரைக்க வல்லது. கழற்றி எடுத்த உறுப்புகளை ஊறவைக்க இவை ஏற்றவை. ஆனால் குளோரேட்டு உள்ள இடங்களில் அமிலம் கூடாது. இரண்டும் சேர்ந்தால் நிலையற்ற குளோரின் டை ஆக்சைடு வளிமம் உருவாகலாம்.

பொதுவான செய்முறை

வெடிபொருளோ தீப்பற்றும் பொருளோ இல்லாத இடங்களில் பின்வரும் வரிசை பின்பற்றப்படுகின்றது.

1. புரியின் திசையை உறுதி செய்தல். பெரும்பாலான மரையாணிகள் வலப்புரியாகும். இடஞ்சுழியாகத் திருப்பினால் கழலும். மிதிவண்டியின் இடப்பக்க மிதிகட்டை போன்ற சில இடங்களில் இடப்புரி அமைந்திருக்கும். திசை தெரியாமல் விசை கொடுப்பது மேலும் இறுக்குவதற்கே உதவும்.

2. வெளியே தெரியும் புரியைக் கம்பித் தூரிகையால் துலக்குதல். மண்ணும் வண்ணப்பூச்சும் எண்ணெயின் வழியை அடைக்கும்.

3. எண்ணெய் இட்டுக் காத்திருத்தல். ஒரே முறை நிறைய ஊற்றுவதைவிட, இடைவெளிவிட்டுச் சிறிது சிறிதாக இடுதல் நல்லது. இயன்றால் நட்டின் இரு முகங்களிலும் இடவேண்டும்.

4. மரையாணியின் தலையில் சிறு சுத்தியலால் மெல்லத் தட்டுதல். அதிர்வினால் துருவில் புதிய பிளவுகள் தோன்றி எண்ணெய் உட்செல்லும்.

5. சரியான அளவுடைய, ஆறுமுக ரிங் ஸ்பேனரைப் பயன்படுத்துதல். சிவகாசி அச்சகங்களில் உள்ளவை போன்ற பழைய இறக்குமதி இயந்திரங்களில் அங்குல அளவு மரையாணிகளும் காணப்படுவதுண்டு. அவற்றில் மில்லிமீட்டர் ஸ்பேனரை மாட்டினால் தலையின் முனைகள் மழுங்கிவிடும்.

6. முதலில் சிறிது இறுக்கும் திசையிலும் பின்னர் தளர்த்தும் திசையிலும் மாறிமாறித் திருப்புதல். அசைவு தொடங்கிய பின் மீண்டும் எண்ணெயிட்டு, கால் சுற்று முன்னும் பின்னுமாக நகர்த்த வேண்டும். ஒரே மூச்சில் கழற்ற முயன்றால் துருத்தூள் புரியில் திரண்டு மீண்டும் பற்றும்.

விசையின் அளவிலும் கவனம் தேவை. 20 செ.மீ. நீளமுள்ள ஸ்பேனரின் முனையில் 20 கிலோகிராம் எடைக்கு நிகரான விசை கொடுத்தால் ஏறத்தாழ 40 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை கிடைக்கின்றது. 8.8 தரமுள்ள 10 மி.மீ. மரையாணிக்கு வழக்கமான இறுக்க அளவு 50 நியூட்டன் மீட்டர் அளவில் இருப்பதால் அது தாங்கும். அதே தரமுள்ள 6 மி.மீ. மரையாணிக்கு 10 நியூட்டன் மீட்டரே வழக்கமான அளவு, அது முறிந்துவிடக்கூடும். ஸ்பேனரில் குழாய் செருகி நீட்டும் வழக்கம் சிறிய மரையாணிகளுக்குக் கேடு விளைவிக்கும்.

இவை பயனளிக்காவிடில் நட்டைச் சூடேற்றுவது வழக்கம். எஃகு ஒவ்வொரு பாகை செல்சியசுக்கும் தன் நீளத்தில் ஏறத்தாழ 10 இலட்சத்தில் 12 பங்கு விரிவடைகின்றது. எனவே 10 மி.மீ. விட்டமுள்ள நட்டை மரையாணியைவிட 200° செ அதிகமாகச் சூடேற்றினால் அதன் துளை 0.024 மி.மீ. விரியும். சிறிதாகத் தோன்றினும் துருவின் பிணைப்பை உடைக்க இது போதுமானது. எண்ணெய் இட்ட மரையாணியைச் சூடேற்றினால் புகையும் தீயும் எழுமாதலால் எண்ணெயைத் துடைத்த பின்னரே இதனைச் செய்யவேண்டும். இறுதி வழி, நட்டை வாளால் அறுப்பது அல்லது மரையாணியைத் துளையிட்டு எடுப்பது ஆகும்.

பட்டாசுத் தொழிலகங்களில் இப்பணி

சிவகாசியில் 1920களில் தீப்பெட்டித் தொழிலும் அதனைத் தொடர்ந்து பட்டாசுத் தொழிலும் வளர்ந்தன. இந்தியாவின் பட்டாசு உற்பத்தியில் பெரும்பகுதி இன்றும் இங்கேயே நடைபெறுகின்றது. பட்டாசுத் தயாரிப்பின் பெரும்பகுதி கைவேலையே எனினும், கதவுக் கீல்கள், நீரேற்றும் பம்புகள், காகிதக் குழல் சுற்றும் இயந்திரங்கள், இடிதாங்கியின் நில இணைப்புப் பிடிகள் எனப் பல இடங்களில் மரையாணிகள் உள்ளன. இடிதாங்கிகளை ஆண்டுக்கு ஒரு முறையேனும் சோதிக்க வேண்டும் என்பது விதியாதலால், அவற்றின் பிடிகள் இறுகிப்போவது பாதுகாப்பையே பாதிக்கும்.

அலுமினியமும் துருவும்

பட்டாசுகளில் ஒளிக்கும் ஓசைக்கும் அலுமினியத் தூள் பயன்படுகின்றது. இது மிக நுண்ணியதாதலால் சுவரிலும் இரும்பிலும் படியும். துருவாகிய இரும்பு ஆக்சைடும் அலுமினியமும் சேர்ந்தால் கிடைப்பது, தொடர்வண்டித் தண்டவாளங்களை இணைக்கப் பயன்படும் தெர்மிட்டு வினைக்குரிய அதே இணையாகும். அவ்வினையில் வெப்பநிலை 2000° செ ஐத் தாண்டுகின்றது. அலுமினியம் படிந்த துருவேறிய இரும்பின்மீது ஓங்கி அடிக்கும்போது இவ்வினை சிறு அளவில் நிகழ்ந்து, கடும் வெப்பமுள்ள பொறி எழலாம். நிலக்கரிச் சுரங்கங்களில் இது முன்பே அறியப்பட்ட ஆபத்தாகும். எனவே பட்டாசுத் தொழிலகத்தில் துருப்பிடித்த மரையாணியைச் சுத்தியலால் தட்டுவது, பிற இடங்களில் தட்டுவதற்குச் சமமானதன்று.

பித்தளை, பெரிலியம் செம்பு, அலுமினிய வெண்கலம் ஆகியவற்றாலான கருவிகள் பொறி எழுப்பாக் கருவிகள் எனப்படுகின்றன. இவை எஃகைவிட மென்மையானவை; இறுகிய மரையாணியில் அதிக விசை கொடுத்தால் ஸ்பேனரின் வாயே தேய்ந்துவிடும். ஆகவே கருவியின் வலிமையைவிட எண்ணெய்க்குத் தரப்படும் காலமே இங்கு முக்கியமாகின்றது. இக்கருவிகளில் எஃகுத் துகள்கள் பதிந்திருந்தால் அவற்றின் பயன் கெடும் என்பதால் துடைத்து வைத்திருக்க வேண்டும். இவை பொறி எழும் வாய்ப்பைக் குறைக்கின்றனவே தவிர, உராய்வால் தீப்பற்றும் கலவைகளிடமிருந்து காப்பதில்லை.

எண்ணெயும் ஆக்சிசனேற்றிகளும்

பொட்டாசியம் நைட்ரேட்டு, பேரியம் நைட்ரேட்டு, தீக்குச்சி முனைகளில் பயன்படும் பொட்டாசியம் குளோரேட்டு ஆகியன ஆக்சிசனேற்றிகளாகும். எண்ணெய் எரிபொருளாகும். இரண்டும் கலந்தால் உராய்வுக்கும் வெப்பத்திற்கும் எளிதில் தூண்டப்படும் கலவை உருவாகலாம். 20 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கல்குவாரிகளில் பயன்பட்ட செட்டைட்டு என்னும் வெடிபொருளில் குளோரேட்டுடன் ஆமணக்கு எண்ணெய் சேர்க்கப்பட்டிருந்தது என்பது இதற்குச் சான்றாகும். குளோரேட்டும் கந்தகமும் சேர்ந்த கலவைகள் தம்மளவிலேயே மிகவும் உணர்திறன் கொண்டவை. அவை இந்தியாவில் 1992 இல் தடை செய்யப்பட்டன.

எனவே வேதிப்பொருள் படிந்த மரையாணியில் நேரடியாக எண்ணெய் இடுவது தவறாகும். இந்திய வெடிபொருள் விதிகள், பழுது பார்ப்பதற்கு முன் அவ்விடத்திலுள்ள வெடிபொருட்களை அகற்றி, நன்கு கழுவித் தூய்மை செய்யுமாறு வலியுறுத்துகின்றன. கழுவும்போதும் வேதிப்பொருளின் கரைதிறனைக் கருத்தில் கொள்ளவேண்டும். 20° செ இல் 100 மி.லி. நீரில் பொட்டாசியம் நைட்ரேட்டு ஏறத்தாழ 32 கிராம் கரையும். பொட்டாசியம் குளோரேட்டு ஏறத்தாழ 7 கிராமே கரையும். கந்தகமும் அலுமினியமும் கரைவதில்லை. அவற்றை ஈரத்துணியால் துடைத்தே எடுக்கவேண்டும். அலுமினியமும் நைட்ரேட்டும் சேர்ந்த ஈரக்கழிவு தானே சூடேறக்கூடியதாதலால் அதனைக் குவித்து வைத்தல் கூடாது.

இடத்தின் வெப்பநிலை

ஒரு நீர்மத்தின் ஆவி தீப்பற்றக்கூடிய அளவுக்கு எழும் மிகக் குறைந்த வெப்பநிலை தீப்பற்றுநிலை எனப்படுகின்றது. இந்தியத் தர நிர்ணயப்படி மண்ணெண்ணெயின் தீப்பற்றுநிலை 35° செ க்குக் குறையக்கூடாது. விருதுநகர் மாவட்டத்தில் கோடைக்காலப் பகல் வெப்பம் இதனை எளிதில் தாண்டுகின்றது. குளிர்நாடுகளின் பட்டறை நூல்களில் மண்ணெண்ணெய் குறித்துக் கூறப்படுவது சித்திரை மாதச் சிவகாசிக்கு அப்படியே பொருந்தாது. தெளிப்புக் குப்பிகளில் உந்துவளிமமாகப் பெரும்பாலும் தீப்பற்றும் பெட்ரோலிய வளிமங்கள் உள்ளன. ஆகவே தீப்பற்றுநிலை உயர்ந்த எண்ணெயைச் சொட்டுக் குப்பியால் இடுவதே பாதுகாப்பானது.

மேற்கண்டவற்றின்படி, இத்தொழிலகங்களுக்குரிய வரிசை பின்வருமாறு அமைகின்றது: வெடிபொருளை அகற்றுதல், கழுவித் துடைத்து உலரவிடுதல், சொட்டுச் சொட்டாக எண்ணெய் இட்டு ஓரிரு நாள் காத்திருத்தல், பொறி எழுப்பாக் கருவியால், தட்டாமல், மெல்லத் திருப்புதல், இறுதியில் எண்ணெய்த் தடத்தையும் துணியையும் முற்றிலும் அகற்றுதல். இவ்வாறும் கழலாத மரையாணிகளை, இயன்றால் உறுப்போடு சேர்த்துக் கழற்றித் தூய்மை செய்து, உற்பத்திப் பகுதிக்கு வெளியே தொலைவிலுள்ள பட்டறைக்குக் கொண்டுசென்றே அறுக்கவோ சூடேற்றவோ வேண்டும்.

2012 செப்டம்பர் 5 அன்று சிவகாசியை அடுத்த முதலிப்பட்டியில் நிகழ்ந்த பட்டாசுத் தொழிலக விபத்தில் முப்பதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அது மரையாணி கழற்றும் பணியால் நேர்ந்ததன்று. எனினும் ஓரிடத்தில் எழும் தீ எவ்வளவு விரைவாகப் பரவும் என்பதை அது காட்டியது. பழுது பார்க்க வெளியிலிருந்து வரும் பணியாளர், தம் பட்டறைப் பழக்கத்தை இங்கும் தொடராதிருக்க அறிவுறுத்தப்படுவது இதனாலேயே இன்றியமையாததாகின்றது.

தடுப்பு முறைகள்

கழற்றுவதைவிட இறுகாமல் தடுப்பது எளிது. துத்தநாகம் பூசிய அல்லது துருவேறா எஃகாலான மரையாணிகளைப் பயன்படுத்துதல், பொருத்தும்போதே புரியில் கிரீசு தடவுதல், மழைக்காலத்திற்கு முன் ஒருமுறை தளர்த்தி மீண்டும் இறுக்குதல் ஆகியன பயனுள்ளவை. கிராபைட்டு, செம்பு, மாலிப்டினம் டைசல்பைடு முதலியன சேர்ந்த இறுகல் தடுப்புக் களிம்புகளும் கிடைக்கின்றன. சில களிம்புகளில் அலுமினியத் தூள் உள்ளதால், பட்டாசுத் தொழிலகங்களுக்கு வாங்கும்போது அதன் உட்பொருட்களைப் பார்த்தறிதல் வேண்டும். உயவு இட்ட மரையாணி அதே முறுக்குவிசையில் கூடுதலாக இறுகும் என்பதால் இறுக்கும் அளவைச் சற்றுக் குறைக்க வேண்டும்.

இவற்றையும் பார்க்க

அரிமானம்
நுண்புழைமை
தெர்மிட்டு வினை
சிவகாசி
பட்டாசு